குடும்பத்தை நிறுத்திப் பார்க்கக் கற்பது: நான்கு வழிகள், ஒரு முடிவு

"அக்கா, இதுல சேந்துடவா? இன்னும் ரெண்டு சீட்தான் இருக்காம்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை என் பக்கம் நீட்டினாள், எங்கள் மையத்தில் இரண்டு வருடமாகக் கவுன்சலராக இருக்கும் தங்கை ஒருத்தி. ஃபேமிலி கான்ஸ்டலேஷன், அதாவது ஆட்களைக் குடும்பத்தினராக நிறுத்திப் பார்க்கும் குழு முறை, அதை நடத்துவதற்கான பயிற்சி. ஆறு மாட்யூல், முடிவில் சான்றிதழ். கட்டணம் அவளுடைய மூன்று மாதச் சம்பளம். அந்தப் பணத்தை அவள் எப்படிச் சேர்த்தாள் என்று எனக்குத் தெரியும். அதனால் "சேரு" என்றோ "வேண்டாம்" என்றோ உடனே சொல்ல வாய் வரவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் நானும் இதே கேள்வியோடு அலைந்தவள். ஒரு பயிற்சியில் சேர்ந்து பாதியில் வெளியே வந்தேன். இன்னொன்றில் ஐந்து நாள் இருந்தேன். வேறொன்றை இன்றுவரை கற்றுக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

முதலில் பெயர். நம் ஊரில் கான்ஸ்டலேஷன் என்றதும் நட்சத்திரம், ராசி, ஜாதகம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மூல ஜெர்மன் சொல்லில் நட்சத்திரமே கிடையாது. 'ஃபமிலியன் ஆஃப்ஷ்டெலுங்' என்றால் குடும்பத்தை இடம் பார்த்து நிறுத்துவது, அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குப் போனபோதுதான் அதில் வானம் ஒட்டிக்கொண்டது. நிறுத்திப் பார்த்தல் என்று தமிழில் சொன்னால் செய்யும் வேலை அப்படியே புரிந்துவிடும்.

நடப்பது இதுதான். பதினைந்து, இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பிரச்சினையோடு வந்தவர் அவர்களிலிருந்து ஒருவரை அப்பாவாகவும், ஒருவரை அம்மாவாகவும், ஒருவரைத் தானாகவும் தேர்ந்தெடுத்து, தோளைப் பிடித்து நடத்திப் போய் நடுவில் நிறுத்துவார். யார் யாரைப் பார்த்து, எவ்வளவு தூரத்தில் என்பதெல்லாம் அவர் மனம்போல. பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். நடத்துகிறவர் ஒவ்வொருவரிடமும் போய் "என்ன தோணுது?" என்று கேட்பார். ஆட்கள் நகருவார்கள், விடுபட்ட ஒருவரை உள்ளே கொண்டுவருவார்கள், சில வாக்கியங்களைச் சொல்ல வைப்பார்கள்.

நான் முதன்முதலில் நின்றது, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் பெரியம்மாவாக. வீட்டில் யாரும் பெயர் சொல்லாத பெரியம்மா. என் தோளைப் பிடித்து, ஜன்னலோரமாக, முகம் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போனார். எனக்குப் பின்னால் செருப்பில்லாத கால்கள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. இடது தோள் கனத்தது. திரும்ப வேண்டும்போலவும் இருந்தது, திரும்பப் பயமாகவும் இருந்தது. "இப்ப திரும்புங்க" என்ற குரல் வந்ததும் திரும்பினேன். அம்மாவாக நின்றவர் அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன்.

அன்று இரவு பஸ்ஸில் வரும்போது ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. அந்தக் கனம் பெரியம்மாவிடமிருந்து எனக்கு வந்ததா? யாரையும் சுவரைப் பார்த்து நிறுத்தி முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நடமாடினால் முதுகு கூசத்தானே செய்யும்? எங்கே கற்பது என்ற முடிவு இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. முதல் பதிலைத் தரும் பள்ளி ஒன்று, இரண்டாவது கேள்வியைத் திறந்தே வைத்திருக்கும் பள்ளி இன்னொன்று.

முதல் வழி, அந்த முதல் பதிலைத் தரும் பள்ளி, இந்த முறையை உருவாக்கிய பெர்ட் ஹெலிங்கருடையது. 1925-ல் ஜெர்மனியில் பிறந்தவர். இளம் வயதில் ஹிட்லரின் படையில் சேர்க்கப்பட்டு, போர்க்கைதியாகி, பிறகு கத்தோலிக்கத் துறவியானார். தென்னாப்பிரிக்காவில் ஸுலு மக்களிடையே ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் மிஷனரியாகவும் ஆசிரியராகவும் இருந்தார். 1970களின் தொடக்கத்தில் துறவை விட்டுவிட்டு மனப்பகுப்பாய்வு, சிறுவயது வலியைக் கத்தி அழுது வெளியேற்றும் பிரைமல் சிகிச்சை என்று பல இடங்களில் கற்றார். குடும்ப சிகிச்சையாளர் வர்ஜீனியா சாட்டிர் குடும்பத்தினரைச் சிலைபோல நிறுத்திக் காட்டிய முறை, பிள்ளைகள் தம்மை அறியாமல் சுமக்கும் விசுவாசத்தைப் பற்றி இன்னொரு குடும்ப சிகிச்சையாளரான போஸோர்மென்யி-நாஜ் எழுதியது, இவையெல்லாம் அவர் முறையில் கலந்திருக்கின்றன. 1993-ல் குந்தார்ட் வெபர் என்ற மனநல மருத்துவர் இவருடைய வேலையைத் தொகுத்துப் புத்தகமாக்கிய பிறகுதான் ஜெர்மனியே இவரைத் திரும்பிப் பார்த்தது. 2019-ல் காலமானார்.

அவர் சொன்ன விதிகள் மூன்று. குடும்பத்தில் பிறந்த, சேர்ந்த எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. முன்னால் வந்தவருக்கு முன்னிடம். கொடுப்பதும் வாங்குவதும் சமன்பட வேண்டும். முதல் விதியைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கலைந்துபோன குழந்தை, ஓடிப்போன அத்தை, தாத்தாவின் இன்னொரு குடும்பம் என்று நம் வீடுகளில் பேசாமல் மூடிவைத்த பெயர்கள் எத்தனை! அவர்களுக்கு இடம் கொடு என்று ஒரு முறை சொல்கிறது என்றால் அதில் எனக்கு மரியாதை உண்டு, இப்போதும் உண்டு.

சிக்கல் இரண்டாவது விதியில் தொடங்குகிறது. நான் சேர்ந்திருந்த பயிற்சியின் மூன்றாம் மாட்யூலில், சிறு வயதில் அப்பாவிடம் தினமும் அடிவாங்கி வளர்ந்த ஒரு பெண் தன் குடும்பத்தை நிறுத்தினார். நடத்தியவர் கடைசியில் அவரை அப்பாவாக நின்றவரின் காலில் விழச் சொன்னார். "நீங்க பெரியவர், நான் சின்னவள். நீங்க கொடுத்த உயிருக்கு நன்றி" என்று சொல்ல வைத்தார். அந்தப் பெண் விழுந்தார், சொன்னார். கூட்டம் நெகிழ்ந்தது. மறுநாள் காலை அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் போன் போட்டுக் கேட்கவும் இல்லை. நான் கேட்டேன். "நான் எழுந்து நிக்கத்தான் அங்க வந்தேன், மறுபடி விழ வச்சிட்டாங்க" என்றார். அந்த மாட்யூலோடு நான் நின்றுவிட்டேன்.

ஜெர்மனியில் ஒரு பிள்ளை அப்பாவை வணங்குவதற்கு ஒரு பொருள் இருக்கலாம். அங்கே போருக்குப் பிறகு ஒரு தலைமுறையே பெற்றோரிடம் "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு உறவை அறுத்துக்கொண்டது. அந்த மண்ணில் வணக்கம் என்பது அறுந்ததைத் தொடுவது. காலையில் எழுந்ததிலிருந்து பெரியவர்கள் சொல் கேள், எதிர்த்துப் பேசாதே என்று வளர்ந்த நம் பெண்களுக்கு அதே வணக்கத்தைச் சிகிச்சை என்று கொடுத்தால் அது பழைய காயத்தின் மேலேயே விழுகிறது. கூடவே பித்ரு தோஷம், முன்னோர் சாபம், குலதெய்வக் குறை என்ற பேச்சு இங்கே தயாராக இருக்கிறது. "உன் பாட்டியின் வலியை நீ சுமக்கிறாய்" என்ற ஒரு வாக்கியம் அதில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

ஜெர்மனியிலேயே இந்த எதிர்ப்பு வந்துவிட்டது. 1997-ல் லைப்சிக் நகரில் ஹெலிங்கர் நடத்திய நிகழ்வில் பங்கேற்ற ஒரு பெண் அதற்குப் பின் தற்கொலை செய்துகொண்டார். அந்தச் சாவுக்கு அரங்குதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நூற்றுக்கணக்கானோர் பார்க்க ஒருவரின் குடும்பத்தைத் திறந்துவிட்டு, அடுத்த வாரம் அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க ஆளில்லாமல் விடுவதைப் பற்றித்தான் சொல்கிறேன். 2004-ல் சிஸ்டமிக் சிகிச்சையாளர்கள், அதாவது ஒருவரை அவர் குடும்ப உறவுகளோடு சேர்த்துப் பார்க்கும் சிகிச்சையாளர்கள், பலர் போட்ஸ்டாம் அறிக்கை என்ற பெயரில் ஹெலிங்கரின் போக்கிலிருந்து வெளிப்படையாக விலகினார்கள். பிரேசிலில் நடந்ததும் கவனிக்க வேண்டியது. அங்கே 2018-ல் சுகாதார அமைச்சகம் இந்த முறையைத் தன் மாற்று மருத்துவப் பட்டியலில் சேர்த்தது, நீதிமன்றங்களில் சமரசத்துக்குக்கூடப் பயன்படுத்தினார்கள். 2023-ல் அந்நாட்டு உளவியல் கவுன்சில், இது உளவியலாளர் தொழிலோடு ஒத்துப்போகாது என்று தொழில்நுட்பக் குறிப்பே வெளியிட்டது.

இதற்காக இந்த வழியில் எதுவும் கிடைக்காது என்று சொல்லமாட்டேன். ஒரு அறையில் இருபது பேரின் மௌனத்தைத் தாங்குவது எப்படி, இடைவெளியையும் பார்வையின் திசையையும் வாசிப்பது எப்படி என்பதை நான் அங்கேதான் கற்றேன். வேறு எங்கும் அது இவ்வளவு கூர்மையாகக் கிடைக்கவில்லை. ஆனால் சான்றிதழோடு வெளியே வருகிறவர் தற்கொலை எண்ணத்தை எப்படி விசாரிப்பது, சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) அறிகுறியை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு மணி நேரம்கூடக் கற்காமல் வர முடிகிறது. நான் பார்த்த பாடத்திட்டத்தில் அது இல்லை.

இரண்டாவது வழி, வார இறுதி ஆன்லைன் வகுப்பு. இதைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும் முகங்களை வைத்து நிறுத்திப் பார்க்கும் வேலையைக் கற்க முடியாது. அறிமுகத்துக்காகப் பார்க்கலாம், பணம் குறைவு. முடித்துவிட்டு மற்றவர்களுக்கு நடத்தக் கிளம்பக்கூடாது.

மூன்றாவது, சைக்கோட்ராமா, பிரச்சினையை நாடகமாக நடித்துப் பார்க்கும் சிகிச்சை. கான்ஸ்டலேஷனுக்கு மூத்தது. யாகோப் லெவி மொரேனோ 1889-ல் புக்கரெஸ்டில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்து, பிறகு அமெரிக்காவில் பீக்கன் என்ற ஊரில் இதற்கென்றே மேடை கட்டியவர். இங்கேயும் ஆட்கள் குடும்பத்தினராக நிற்பார்கள். வித்தியாசம் ஒன்று, ஆனால் பெரியது. இதில் வந்தவரே நடிக்கிறார். அம்மா என்ன உணர்கிறார் என்று முன்பின் தெரியாத ஒருவர் அறிவிப்பதில்லை. நீங்களே அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்து அம்மாவாகப் பேசவேண்டும். உங்கள் பின்னால் ஒருவர் நின்று, நீங்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லிப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் "இல்ல, அப்படி இல்ல" என்று மறுக்கலாம். அந்த "இல்ல" சொல்லும் உரிமை எனக்கு மிகவும் பிடித்தது. முடிந்ததும் எல்லாரும் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்றைப் பகிர்வார்கள். அறிவுரைக்கும் விளக்கத்துக்கும் அங்கே இடமில்லை.

இதன் விலை நேரம். அமெரிக்கச் சான்றளிப்பு வாரியம் கேட்பது 780 மணி நேரப் பயிற்சி. அதோடு மேற்பார்வையில் நடத்திக் காட்டவேண்டும், தேர்வும் உண்டு. இந்தியாவில் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், என் ஊரிலிருந்து தொடர்ந்து போய்வர எனக்கு வசதிப்படவில்லை. நாடகப் பழக்கம் உள்ளவர்கள், குழுவோடு வேலை செய்கிறவர்கள், சுய உதவிக் குழுப் பெண்களையோ விடுதி மாணவர்களையோ சந்திக்கிறவர்கள் இதையே எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

நான்காவதுதான் நான் இருக்கும் வழி. முதலில் குடும்ப சிகிச்சையை முறையாகக் கற்பது, நிறுத்திப் பார்ப்பதை அதற்குள் ஒரு கருவியாக வைத்துக்கொள்வது. மெதுவான வழி. விளம்பரப் படத்தில் போட அழகான காட்சி எதுவும் இதில் கிடைக்காது.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் அழைப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த யோசனையும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவது என்ற நடைமுறை அந்தக் காலம் தொட்டே இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அம்மாவாக நிற்க ஒரு பிரதிநிதி எதற்கு, நிஜ அம்மாவே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே என்று ஒரு மூத்தவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த வழியில் முதலில் கையில் வருவது பேனாவும் தாளும். மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம், ஜீனோகிராம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் பெருக்கல் குறி, அறுந்த உறவுக்கு வெட்டுப்பட்ட கோடு. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான மர்ரே போவன் வழியில் வந்தது. நிறுத்திப் பார்த்தலில் "பாட்டியின் துக்கம்" என்று ஒருவர் உணர்ந்து சொல்வதை, இங்கே "பாட்டிக்கு எத்தனை வயசுல தாத்தா போனாரு? அப்ப வீட்ல யார் சம்பாதிச்சாங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். தெரியாவிட்டால் ஊருக்குப் போன் போடுகிறார்கள். அந்தப் போன் அழைப்பே பாதிச் சிகிச்சை.

அதற்கு அடுத்து, குழு இல்லாமல் மேஜை மேல் நிறுத்திப் பார்ப்பது. ஜெர்மனியில் மரப் பொம்மைகள் வைத்துச் செய்கிறார்கள். என் மேஜையில் ஒரு டப்பா இருக்கிறது. சோழி, புளியங்கொட்டை, பொத்தான், பழைய சாவி. கல்லூரி முதலாண்டு மாணவன் ஒருவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) அப்பாவுக்குச் சாவிக்கொத்தை எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தான். அம்மாவுக்கு நான் தண்ணீர் குடித்துவிட்டு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர். தனக்கு ஒரு புளியங்கொட்டை. அதைக் கொஞ்ச நேரம் விரலில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு டம்ளருக்குள் போட்டான். டங் என்று சத்தம்.

"அங்க இருந்து பாத்தா அப்பா தெரியறாரா?" என்று கேட்டேன்.

தலையைச் சாய்த்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். "சுவர்தான் மேம் தெரியுது."

நான் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. அடுத்த மூன்று வாரம் அந்த டம்ளரைப் பற்றித்தான் பேசினோம். நாலாவது வாரம் கொட்டையை அவனே வெளியே எடுத்து வைத்தான், டம்ளருக்கு ரொம்பப் பக்கத்தில்தான். பெரியம்மாவாக நின்ற நாளில் நான் கண்ட பலம் இதிலும் இருந்தது. ஆனால் பொருளைச் சொன்னவன் அவன். வெளியில் யாரும் பார்க்கவும் இல்லை. எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தமாக இருக்கும் நம் சின்ன ஊர்களில் இது சாதாரண விஷயமில்லை.

குழுவாகச் செய்வதிலும் நிதானமான ஒரு கிளை ஜெர்மனியில் வளர்ந்தது. மத்தியாஸ் வர்கா ஃபான் கிபேட், இன்சா ஷ்பாரர் தம்பதியரின் கட்டமைப்பு நிறுத்தல் முறையில், வந்தவர் தன் கதையைச் சொல்லாமலேகூட நிறுத்தலாம். இவர் 'அ', அவர் 'ஆ' என்று மட்டும் சொன்னால் போதும். குழுவில் செய்யத்தான் ஆசை என்றால் ஹெலிங்கர் வழியைவிட இந்தக் கிளையில் பயின்றவர்களைத் தேடச் சொல்வேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று தங்கை கேட்டாள். கேட்கவேண்டிய கேள்வி. ஹைடெல்பெர்க்கில் யோஹென் ஷ்வைட்ஸரின் குழு 208 பேரைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று நாள் நிறுத்திப் பார்த்தல் கருத்தரங்கு நடத்தியது, மறு பாதியைக் காத்திருக்க வைத்தது. முடிவுகள் 2013-லும் 2014-லும் வந்தன. நான்கு மாதம் கழித்தும் கலந்துகொண்டவர்களின் மனநிலை, காத்திருந்தவர்களைவிடச் சற்று மேலாக இருந்தது. இதை விளம்பரங்களில் பெரிதாகப் போடுகிறார்கள். கூடவே போடாத இரண்டு விஷயம்: வந்தவர்கள் பொதுமக்கள், நோயாளிகள் இல்லை. நடத்தியவர்கள் நீண்ட அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள், ஆறு மாட்யூல் முடித்தவர்கள் இல்லை. 2021-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 12 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. 9-ல் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் தரமான ஆய்வுகள் குறைவு, சிறிய அளவில் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. நம்பிக்கையூட்டும் முறை, இன்னும் நிரூபணம் போதாத முறை என்று இதை எடுத்துக்கொள்கிறேன்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்திப் பார்த்தல் நடத்துவதற்கான சான்றிதழ் எதுவும் இந்தியாவில் யாரையும் சிகிச்சையாளர் ஆக்காது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துக் கவுன்சலராக இருக்கும் எங்களைப் போன்றவர்கள் எங்கே நிறுத்தி, யாரிடம் அனுப்பவேண்டும் என்பதைத்தான் முதலில் கற்கவேண்டும். என் சுவரில் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண், பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். எந்தப் பயிற்சியையும் எடைபோட நான் மனதுக்குள் வைத்திருக்கும் ஒரு முகம் உண்டு. போரில் மகனைத் தொலைத்த ஓர் ஈழத்துத் தாய். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் புகைப்படத்தோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர். நிறுத்திப் பார்த்தலில் இறந்தவராக நிற்பவர் தரையில் படுத்துக்கொள்வார். அந்த மகனுக்காக நிற்கும் பிரதிநிதி, தனக்கு அப்படித் தோன்றுகிறது என்று தரையில் படுத்துவிட்டால்? ஒரு அரசே பதில் சொல்லாத கேள்விக்கு, வார இறுதிக் கூடத்தில் ஒரு அந்நியரின் உடம்பு பதில் சொல்லிவிடுவதா? "அப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பயிற்சி தருகிறவரிடம் கேளுங்கள். "களம் பொய் சொல்லாது", அதாவது நிற்பவர் உணர்வதெல்லாம் அந்தக் குடும்பத்தின் உண்மையே என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிரதிநிதிக்குத் தோன்றுவது உண்மை ஆகாது, முதலிலேயே அந்தத் தாயிடம் அதைச் சொல்லி, அந்த நிறுத்தலையே செய்யாமலும் விடுவேன் என்று சொல்கிறவரிடம் கற்கலாம். எந்த வழியாக இருந்தாலும் கற்கலாம்.

ஏற்கெனவே பல வருடம் சிகிச்சை அனுபவமும் மேற்பார்வையாளரும் உள்ள ஒருவர் ஹெலிங்கர் வழிப் பயிற்சிக்குப் போனால் நான் தடுக்கமாட்டேன். எடுக்கவேண்டியதை எடுத்து, விடவேண்டியதை விட அவருக்குத் தெரியும். தன் சொந்தக் குடும்ப வலிக்காகப் போகிறவர், பயிற்சியில் சேராமல் முதலில் ஒரு நல்ல சிகிச்சையாளரிடம் போகட்டும். நடத்தக் கற்பது வேறு, ஆற்றிக்கொள்வது வேறு. அவை இரண்டையும் ஒரே கட்டணத்தில் தருவதாகச் சொல்லும் இடத்தில் எனக்குப் பயம் வருகிறது. இரண்டு வருட அனுபவமுள்ள என் தங்கைக்கு நான் சொன்னது நான்காவது வழி. அந்த மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு குடும்ப சிகிச்சைப் படிப்பின் முதல் தவணையும், மாதம் ஒருமுறை மூத்த சிகிச்சையாளர் ஒருவரின் மேற்பார்வையும் அடங்கும்.

அவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு சார்ட் பேப்பரோடு வந்தாள். தன் குடும்பத்தை வரைந்திருந்தாள். அப்பா பக்கம் முழுசாக இருந்தது. அம்மா பக்கத்தில் தாத்தாவின் சதுரத்துக்கு அருகே பாட்டியின் வட்டம், அதற்கு முன்னால் இன்னொரு வட்டம், உள்ளே பெயர் இல்லை.

"தாத்தாக்கு மொத சம்சாரம் ஒருத்தங்க இருந்தாங்களாம்க்கா. பேர் யாருக்கும் தெரியல."

"அம்மாகிட்ட கேட்டியா?"

அங்கேயே போன் போட்டாள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல். "அதெல்லாம் எதுக்குடி இப்ப?" பின்னால் குக்கர் விசில் கேட்டது, அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை.

"இரு" என்றார் அம்மா. "பெரியத்தைகிட்ட கேட்டுட்டு நானே போடறேன்."

தங்கை பென்சிலைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.